இறந்தவர் சாட்சி சொல்ல வர மாட்டார்

1987 ஆகஸ்ட் 9 அன்று ஒருவர் விபத்தில் இறந்தார். அவருடைய ஆயுள் காப்பீட்டுக்கான பிரீமியம் ஆகஸ்ட் 10 அன்று கட்டப்பட்டது.

பணத்தை அவர் கொடுக்காமல் இல்லை. மார்ச் மாதத் தவணைக்கு ஜூன் தொடக்கத்திலேயே ஏஜென்டிடம் செக் கொடுத்துவிட்டார். ஏஜென்ட் அதை வங்கியில் பணமாக மாற்றியும் எடுத்துக்கொண்டார். ஆனால் எல்.ஐ.சி. கவுன்டருக்கு அந்தப் பணம் போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பாலிசிதாரர் போய்விட்டார். மொத்தம் நான்கு பாலிசிகள். தவணை தவறியதால் நான்குமே லேப்ஸ் ஆகிவிட்டன என்று எல்.ஐ.சி. கைவிரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1997-ல் வந்த தீர்ப்பு குடும்பத்துக்கு எதிராக இருந்தது. பிரீமியம் வசூலிக்கும் அதிகாரம் ஏஜென்டுக்கு இல்லை என்று எல்.ஐ.சி.யின் விதி சொல்கிறது, ஆகவே ஏஜென்டிடம் கொடுத்த பணம் எல்.ஐ.சி.யிடம் கொடுத்த பணம் ஆகாது என்றது நீதிமன்றம்.

"இந்தத் தவணையையும் நீங்களே கட்டிடுங்க தம்பி" என்று ஏஜென்டின் கையில் பணத்தைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. ஏஜென்ட் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ பக்கத்துத் தெருக்காரராகவோ இருப்பார். நம்பிக்கையில் ரசீது கேட்பதில்லை. அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது, குடும்பம் மிகவும் நொடிந்து நிற்கும் நாளில்தான் தெரியவருகிறது.

ஆயுள் காப்பீட்டு வழக்குகளுக்கு வேறெந்த வழக்கிலும் இல்லாத ஒரு கொடுமை உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இல்லை. படிவத்தை யார் நிரப்பினார்கள், என்ன கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. மிஞ்சுவது ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும் மட்டும். அந்தப் படிவத்தில் இருப்பது பொய் என்று நிறுவனம் சொல்கிறது. உண்மை என்று சொல்ல வேண்டியவர் மனைவி, அல்லது மகள், அல்லது எழுபது வயதுத் தாய். இவர்களில் பலர் அந்தப் படிவத்தை அதற்கு முன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிறுவனங்கள் ஒரு கணக்கை எப்போதும் முன்வைக்கும். 2022-23 நிதியாண்டில் தனிநபர் ஆயுள் காப்பீட்டில் வந்த சுமார் 10.76 லட்சம் இறப்புக் கோரிக்கைகளில் 10.60 லட்சம் தீர்க்கப்பட்டன. நூற்றுக்கு 98-க்கு மேல். கணக்கு சரிதான். ஆனால் அதில் பல ஆண்டுகளாகத் தவணை கட்டிய, தகராறுக்கே இடமில்லாத பாலிசிகளும் சேர்ந்திருக்கின்றன. சண்டை நடக்கும் இடம் வேறு: பாலிசி எடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் நேரும் மரணம். காப்பீட்டு அலுவலகங்களில் இதற்கு 'ஏர்லி கிளைம்' என்று பெயர். அந்த முத்திரை விழுந்த கோப்பு விசாரணைக்குப் போகிறது. புலனாய்வாளர் ஒருவர் ஊருக்கு வருகிறார், அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார், மருத்துவமனைகளில் பழைய கேஸ் ஷீட்டைத் தேடுகிறார்.

மூன்று ஆண்டுக் கோடு

மூன்று ஆண்டுகள் என்ற கணக்கு 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவிலிருந்து வருகிறது. ஆரம்பத்தில் இது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. அந்தக் காலம் கடந்த பிறகும், மோசடி நோக்கத்தோடு முக்கியத் தகவல் மறைக்கப்பட்டதாக நிரூபித்தால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம் என்று பழைய சட்டம் வழிவிட்டது. 1962-ல் உச்ச நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கு அப்படிப்பட்டது. 1945-ல் 25,000 ரூபாய்க்குப் பாலிசி எடுத்தவர் 1946 நவம்பரில் இறந்தார். பாலிசிக்கு முன்பே அவர் இரத்தசோகைக்கும் இதய வீக்கத்துக்கும் சிகிச்சை பெற்றிருந்தது தெரிந்தது. தொகை மறுக்கப்பட்டது, நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பு, மறுப்பதற்கு நிறுவனம் எதையெல்லாம் காட்ட வேண்டும் என்றும் வரையறுத்தது. மறைத்த விஷயம் முக்கியமானதாக இருக்க வேண்டும், மோசடி எண்ணத்தோடு மறைத்திருக்க வேண்டும், சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காப்பீட்டு வழக்குகள் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே நடந்தன.

2015-ல் நாடாளுமன்றம் இந்தப் பிரிவைத் திருத்தி எழுதியது. மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டால், எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது; மோசடியே ஆனாலும் முடியாது. குடும்பங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. மூன்று ஆண்டுகளுக்குள் மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மோசடி இல்லாத வெறும் தவறான தகவல் என்றால், கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மறைக்கப்பட்ட விஷயம் தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று காட்டும் பொறுப்பும் நிறுவனத்துடையதே.

இதே திருத்தத்தில் குடும்பங்களைக் கவிழ்க்கும் இரண்டு விஷயங்கள் உள்ளன. ஏஜென்டுகள் இவற்றை விளக்கிச் சொல்வது அரிது.

முதலாவது, புதுப்பித்தல். மூன்று ஆண்டுகள் பாலிசி வழங்கிய நாளிலிருந்து மட்டும் எண்ணப்படுவதில்லை. பாலிசி வழங்கிய நாள், பொறுப்பு தொடங்கிய நாள், லேப்ஸ் ஆன பாலிசியைப் புதுப்பித்த நாள், கூடுதல் பயனைச் சேர்த்த நாள், இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து எண்ணப்படும். 1962 வழக்கில் புதுப்பித்த தேதியைக் கணக்கில் எடுக்காமல் முதல் தேதியிலிருந்தே நீதிமன்றம் எண்ணியது. புதிய சட்டம் அதை மாற்றிவிட்டது. பத்தாண்டுகள் ஒழுங்காகக் கட்டியவர் கையில் பணமில்லாமல் ஒரு வருடம் விட்டுவிட்டுப் பிறகு ரிவைவல் செய்தால், அவர் மறுபடியும் மூன்று ஆண்டுக் கோட்டின் தொடக்கத்தில் நிற்கிறார். புதுப்பிக்கும்போது கொடுக்கும் உடல்நல அறிவிப்பு முதல் படிவத்துக்குச் சமமான கனம் உடையது. அதை அவசரத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிடக் கூடாது.

இரண்டாவது இன்னும் கடுமையானது. நிறுவனம் மோசடி என்று குற்றம் சாட்டும்போது பாலிசிதாரர் உயிரோடு இல்லையென்றால், அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பைச் சட்டம் பயனாளிகள் மீது வைக்கிறது. கணவனின் மனதில் என்ன இருந்தது என்று மனைவி நிரூபிக்க வேண்டும். இந்த வரி சட்டப் புத்தகத்தில் இருப்பது நியாயமில்லை. மோசடி என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சட்டத்தின் பொதுவான போக்கு. இறந்துபோனவரின் குடும்பத்துக்கு மட்டும் அதைத் தலைகீழாக்க வேண்டிய அவசியம் என்ன என்பதை அடுத்த திருத்தத்தின்போதாவது நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் இந்தச் சுமையைக் குடும்பங்களின் தலையில் அப்படியே ஏற்றிவிடவில்லை என்பது ஆறுதல். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் எல்.ஐ.சி. வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், பொய்த் தகவல் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது, இறப்புக் கோரிக்கையை இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று சொன்னது. 2024 ஏப்ரலில் வந்த தீர்ப்பு இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கில் பாலிசிதாரர் 2011 பிப்ரவரியில் ரயில் விபத்தில் இறந்தார். நாமினியான மகள் தொகையைக் கேட்டபோது, தந்தை வேறு நிறுவனங்களில் 15 பாலிசிகள் வைத்திருந்ததை மறைத்துவிட்டார் என்று ஃப்யூச்சர் ஜெனராலி நிறுவனம் மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் நிறுவனத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் கேட்டது ஆதாரத்தை. நிறுவனம் காட்டியது ஓர் அட்டவணை. அந்தப் பாலிசிகளின் ஆவணங்கள் இல்லை, அவற்றை வழங்கிய நிறுவனங்களிலிருந்து யாரும் சாட்சி சொல்லவில்லை. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி பி.வி. நாகரத்னா தலைமையிலான அமர்வு முடிவு செய்து, தொகையை வட்டியோடு கொடுக்க உத்தரவிட்டது. தந்தை இறந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு மகளுக்கு நீதி கிடைத்தது.

2025 பிப்ரவரியில் எக்ஸைட் லைஃப் நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலும் அதே நீதிபதியின் அமர்வு குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2014-ல் 25 லட்சம் ரூபாய்க்குப் பாலிசி எடுத்தவர் அடுத்த ஆண்டு விபத்தில் இறந்தார். படிவத்தில் 40 லட்ச ரூபாய் மதிப்புள்ள வேறொரு பாலிசியைச் சொல்லியிருந்தார், எல்.ஐ.சி.யில் இருந்த சில சிறிய பாலிசிகளைச் சொல்லவில்லை. பெரியதைச் சொல்லிவிட்டுச் சிறியதை விட்டதால் நிறுவனத்தின் முடிவு மாறியிருக்காது என்று நீதிமன்றம் கண்டது. 9 சதவீத வட்டியோடு தொகை கொடுக்கப்பட வேண்டும் என்றது.

ஆனால் 2019-ல் ரிலையன்ஸ் லைஃப் வழக்கில் இதே கேள்விக்கு எதிர்மாறான விடை வந்தது. அங்கே 10 லட்ச ரூபாய் பாலிசிக்கு விண்ணப்பித்தவர், அதற்குச் சில மாதம் முன்புதான் வேறு நிறுவனத்தில் 11 லட்சத்துக்கு எடுத்திருந்ததைச் சொல்லவில்லை. சில மாதங்களில் இறந்தார். இருக்கும் காப்பீட்டைக் கேட்பதற்குக் காரணம் உண்டு, ஒருவரின் வருமானத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பாலிசிகள் குவிந்தால் நிறுவனம் அதை அறிய வேண்டும், ஆகவே அது முக்கியத் தகவல்தான் என்றது நீதிமன்றம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம் என்பதும் பதிலாகாது என்றது.

எது முக்கியம், எது முக்கியமில்லை என்று முன்கூட்டியே வரையறுக்கும் சூத்திரம் எதுவும் இல்லை. மறைத்த விஷயத்தின் கனம், மரணத்தின் காரணம், நிறுவனம் காட்டிய ஆவணத்தின் தரம் மூன்றையும் வைத்து ஒவ்வொரு வழக்கும் தனியாக எடைபோடப்படுகிறது. முதுகெலும்புத் தேய்மானத்தையும் இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் நரம்பு வலியையும் சொல்லாமல் விட்டவர் மாரடைப்பில் இறந்தார். எல்.ஐ.சி. மறுத்தது. உயிருக்கு ஆபத்தில்லாத, மரணத்தோடு தொடர்பில்லாத உபாதையைக் காட்டித் தொகையை மறுக்க முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கு மாறாக, தைராய்டு கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்ததைச் சொல்லாமல் 1987 பிப்ரவரியில் பாலிசி எடுத்து அதே ஆண்டு ஜூலையில் இறந்தவரின் குடும்பம், 2007 நவம்பர்வரை வழக்காடித் தோற்றது. இருபது ஆண்டுகள்!

2020-ல் வந்த பஜாஜ் அலையன்ஸ் வழக்கில் நீதிமன்றம் சட்டத்தையும் காத்தது, மனிதரையும் காத்தது. 2014 ஆகஸ்டில் எட்டரை லட்ச ரூபாய்க்குப் பாலிசி எடுத்தவர் செப்டம்பரில் இறந்துவிட்டார். அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்ததும், இறப்பதற்குச் சில வாரம் முன்பு இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் இருந்ததும் விசாரணையில் தெரிந்தது. தகவலை மறைத்தது தவறுதான், நிறுவனம் மறுத்தது சரிதான் என்றது நீதிமன்றம். ஆனால் வழக்கு நடந்த காலத்திலேயே தொகை தாயின் கைக்குப் போயிருந்தது. அவருக்கு எழுபது வயது. மகனை நம்பி வாழ்ந்தவர். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

படிவத்தை நிரப்பியது யார்?

உடல்நலக் கேள்விகள் உள்ள பக்கத்தில் வரிசையாக 'இல்லை' என்று எழுதியிருக்கும். கையெழுத்து தமிழிலும் பதில்கள் ஆங்கிலத்திலும் இருக்கும். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, கடந்த ஐந்தாண்டில் மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா என்ற கேள்விகளை யாரும் அவரிடம் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். நிதியாண்டு முடியும் மார்ச் மாத இறுதியில் இலக்கை எட்டும் அவசரத்தில் நிரப்பப்படும் படிவங்களில் இது சகஜம். பிறகு மரணம் நேர்ந்து மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பத்தாண்டாகச் சர்க்கரை நோய்' என்று ஒரு வரி இருந்தால், அந்த ஒற்றை வரி முழுத் தொகையையும் விழுங்கப் பார்க்கிறது. அந்த வரியை யார் சொல்லி யார் எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். நோயாளி மயங்கிக் கிடக்கும்போது கூட வந்த உறவினர் பதற்றத்தில் சொன்னதாக இருக்கலாம். அதை எழுதிய மருத்துவரின் வாக்குமூலம் இல்லாமல் கேஸ் ஷீட்டின் நகலை மட்டும் வைத்து மறுத்த நிறுவனங்களின் வாதத்தை நுகர்வோர் ஆணையங்கள் பலமுறை ஏற்க மறுத்திருக்கின்றன.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தொகை கொடுக்கப்படுவது லட்சக்கணக்கான மற்ற பாலிசிதாரர்கள் கட்டிய பணத்திலிருந்து. சாகும் தறுவாயில் இருப்பவரின் பெயரில் உண்மையை மறைத்துப் பாலிசி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கான நேரம் பணம் வாங்குவதற்கு முன்பு. மரணத்துக்குப் பிறகு ஊர் ஊராகப் போய்க் கேஸ் ஷீட் தேட ஆள் அனுப்பும் நிறுவனம், பாலிசி கொடுக்கும் முன்பு ஒரு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். முன்பு கேட்காமல் தவணை வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு, கொடுக்கும் நாளில் மட்டும் விழித்துக்கொள்ளும் வழக்கத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இன்னும் கண்டிப்போடு கேட்க வேண்டும்.

ஏஜென்ட் யாருடைய ஆள் என்ற கேள்விக்கும் 2015 திருத்தம் பாதி விடை தருகிறது. பாலிசியைப் பேசி முடிப்பவர், ஒப்பந்தம் உருவாகும் விஷயத்தில் நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என்று 45-ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர்கள் இந்த வரியை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம். சம்பளத்திலிருந்தே தவணை பிடிக்கும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. டெல்லி மின் வாரியம் ஊழியர் ஒருவரின் தவணையை எல்.ஐ.சி.க்கு அனுப்பத் தவறிய வழக்கில், ஊழியரைப் பொறுத்தவரை வாரியம்தான் எல்.ஐ.சி.யின் முகவர், ஆகவே எல்.ஐ.சி. தொகையைக் கொடுக்க வேண்டும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஆலைத் தொழிலாளர்கள் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

விபத்து என்பது எது?

அடிப்படைத் தொகையைக் கொடுத்துவிட்டு, விபத்துக்கான கூடுதல் தொகையை மட்டும் மறுப்பது இன்னொரு வகை. மோட்டார் சைக்கிளில் போனவருக்கு நெஞ்சுவலி வந்தது, வண்டியிலிருந்து விழுந்தார், இறந்தார். விழுந்ததால் இறந்தாரா, இதயம் நின்றதால் விழுந்தாரா? வெளியிலிருந்து வந்த தாக்குதலால் ஏற்பட்ட காயமே மரணத்துக்குக் காரணம் என்று காட்டப்படவில்லை என்று சொல்லி 2019-ல் உச்ச நீதிமன்றம் கூடுதல் தொகையை மறுத்தது. அதே ஆண்டு இன்னொரு வழக்கு. மொசாம்பிக் நாட்டில் வேலை பார்த்தவர் அங்கே மலேரியாவில் இறந்தார். கொசு கடித்தது எதிர்பாராத விபத்துதானே என்று மனைவி வாதிட்டார். மலேரியா பரவலாக உள்ள நாட்டில் கொசுக்கடியை விபத்தாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பு வந்தது.

2021-ல் வந்த ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. தவணை 2011 அக்டோபரில் கட்டியிருக்க வேண்டும். 2012 மார்ச் 6 அன்று பாலிசிதாரருக்கு விபத்து. மார்ச் 9 அன்று நிலுவைத் தவணை கட்டப்பட்டது. மார்ச் 21 அன்று அவர் இறந்தார். எல்.ஐ.சி. அடிப்படைத் தொகையான 3.75 லட்சத்தைக் கொடுத்தது. அதே அளவு விபத்துத் தொகையை மறுத்தது, ஏனெனில் விபத்து நடந்த நாளில் பாலிசி நடப்பில் இல்லை. உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்றது. சட்டப்படி சரியான தீர்ப்புதான். தவணை தேதியைத் தாண்டவிடுவதற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் தேட வேண்டியதில்லை.

கை போனால் எத்தனை சதவீதம்?

உயிர் போகாமல் உடல் மட்டும் முடங்கிப்போனவர்களின் போராட்டம் வேறு மாதிரி. இவர்கள் சாட்சி சொல்ல வரலாம். ஆனால் இவர்களுடைய இழப்பை யாரோ ஒருவர் சதவீதமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

1968 ஜூலையில் ஒரு திரையரங்கின் அலங்கார வேலையில் இருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டது. முதலாளி இழப்பீடு தர மறுத்து உச்ச நீதிமன்றம்வரை போனார். ஒரு கைதானே போயிற்று, இது முழு இழப்பில்லையே என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளியது. தச்சு வேலையை ஒரு கையால் செய்ய முடியாது, ஆகவே இது 100 சதவீத இழப்பு. 9,800 ரூபாய் இழப்பீடு, தாமதத்துக்காக அதில் பாதி அபராதம், மேலும் வட்டி. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இன்றும் அதிகமாக மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

அதே தச்சரிடம் எல்.ஐ.சி. பாலிசி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல பாலிசிகளில் நெடுங்காலமாக அச்சிடப்பட்டு வந்த விபத்துப் பயன் நிபந்தனைப்படி, விபத்து நடந்த 180 நாளுக்குள் இரண்டு கண்களும், அல்லது இரண்டு கைகளும், அல்லது இரண்டு பாதங்களும், அல்லது ஒரு கையும் ஒரு பாதமும் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் இனி எந்த வேலையும் செய்து பிழைக்க முடியாது என்ற நிலை வேண்டும். 'அவருடைய வேலை' என்று அதில் இல்லை, 'எந்த வேலையும்' என்று இருக்கிறது. ஒரு கையை இழந்த தச்சர் வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே என்று அந்த வாசகத்துக்குள் வாதிட இடமுண்டு.

மருத்துவர் எழுதும் சதவீதமும் பிழைப்பில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல என்பதை 2010 அக்டோபரில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு விரிவாக விளக்கியது. இடது கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் வாழ்வாதாரமே போய்விடும். எழுத்தருக்கு வேலை தொடரலாம். சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்காகச் சொல்லப்பட்டதுதான். ஆனால் உடல் ஊனத்துக்காக எங்கு வாதாடுபவரும் முதலில் கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு அது.

சிப்பாய்களின் ஊன ஓய்வூதிய வழக்குகளிலும் நிரூபிக்க வேண்டியது யார் என்பதே கேள்வி. வலிப்பு நோயால் பணியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு சிப்பாய்க்கு, அது பிறவிக்கூறால் வந்தது, பணியால் வந்ததல்ல என்று ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கேட்டது எளிய கேள்வி: படையில் சேர்க்கும்போது நீங்களே பரிசோதித்து நலமாக இருக்கிறார் என்று எழுதினீர்கள், நோயின் குறிப்பு அப்போது இல்லை என்றால் அது பணியில் வந்ததாகத்தானே கொள்ள வேண்டும்? இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று தீர்ப்பானது. இந்தத் தர்க்கத்தை ஆயுள் காப்பீட்டுக்கும் நீட்டினால் பல வழக்குகள் நீதிமன்றத்துக்கே வராது.

கடிதம் வந்த பிறகு

மறுப்புக் கடிதம் வந்தவுடன் பெரும்பாலான குடும்பங்கள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகின்றன. கம்பெனியே முடியாது என்று சொல்லிவிட்ட பிறகு என்ன செய்வது என்ற எண்ணம். அந்தக் கடிதம் நிறுவனத்தின் கருத்து மட்டுமே. அதற்கு மேல் படிகள் உள்ளன. பலவற்றுக்குச் செலவே இல்லை.

எல்.ஐ.சி. என்றால் அதன் மண்டல அலுவலகத்திலும் மைய அலுவலகத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதியை உறுப்பினராகக் கொண்ட மறுஆய்வுக் குழுக்கள் உள்ளன. எந்த நிறுவனமானாலும் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்குமான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்ச ரூபாய்வரை அவர் உத்தரவிடலாம். அந்த உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். குடும்பத்துக்குத் திருப்தி இல்லையென்றால் அது நீதிமன்றம் போகத் தடையில்லை. ஆனால் ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். ஆகவே வரிசை முக்கியம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் குடும்பம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். எந்த ஆணையம் என்பதைப் பாலிசித் தொகை தீர்மானிப்பதில்லை, கட்டிய பிரீமியம்தான் தீர்மானிக்கிறது. 50 லட்சம்வரை பிரீமியம் என்றால் மாவட்ட ஆணையமே போதும். ஒரு கோடி ரூபாய் பாலிசியானாலும் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

புலனாய்வாளர் வீட்டுக்கு வந்து எழுதிய ஸ்டேட்மென்டில், வாசிக்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. துக்கத்தில் இருக்கும் வீட்டில் 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா' என்று நீட்டப்படும் காகிதம் பின்னாளில் முக்கியச் சான்றாக வந்து நிற்கும். அசல் பாலிசியைக் கொடுக்கும் முன்பு நகல் எடுத்துவைக்க வேண்டும். பாலிசியோடு முன்மொழிவுப் படிவத்தின் நகலும் வந்திருக்கும். வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். விசாரணை தேவைப்படாத இறப்புக் கோரிக்கையை 15 நாளிலும், விசாரணை தேவைப்பட்டால் 45 நாளிலும் முடிக்க வேண்டும் என்பது 2024 முதல் உள்ள விதி. தாமதத்துக்கு வட்டி உண்டு.

கேட்கப்படாமலே கிடக்கும் தொகையையும் சொல்லியாக வேண்டும். இறந்தவரின் வங்கிப் பாஸ்புக்கில் வருடத்துக்கு ஒருமுறை 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது பிரதமரின் விபத்துக் காப்பீடு: மரணத்துக்கு 2 லட்சம், ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண் பார்வையோ போனால் 1 லட்சம். இரண்டாவது ஆயுள் காப்பீடு: எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். கணக்கில் அந்தப் பிடித்தம் இருந்ததே தெரியாத குடும்பங்கள் நிறைய.

உயிரோடு இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய பாலிசியைப் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த நாள்களில் படிவ நகலை எடுத்து, உங்கள் பெயரில் எழுதப்பட்ட ஒவ்வொரு 'இல்லை'யையும் படியுங்கள். சர்க்கரை இருந்தால், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டால், வேறு பாலிசி இருந்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். பாலிசி மறுக்கப்படவும் செய்யலாம். இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மறுப்புக் கடிதம் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் அதன் தேதியைப் பார்க்க வேண்டும். குறைதீர்ப்பாளரிடம் முறையிட ஓராண்டு, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் எண் 155255.